அம்சாவின் அடித்தல் திருத்தல்

திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கிற கே.ஜி.கண்டிகையில் அம்சா கதை எழுதுகிறவள் என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களும் அதை வெளியே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதில்லை. இரண்டு விசைத்தறி ஓடுகிற வீட்டின் மருமகள், நாள் முழுக்கத் தறி நூலைத் தாராகச் சுற்றி, புடவை மடித்து, நடுவில் சோறாக்குகிறவள், கைபேசியில் தொடர்கதை எழுதுகிறாள். அதை எந்தெந்த ஊரிலோ இருக்கிற பெண்கள் படித்துவிட்டு ‘அடுத்த பகுதி எப்போ சிஸ்’ என்று நச்சரிக்கிறார்கள் என்றால் யார் நம்பப்போகிறார்கள்? கட்டிய புருஷன் வீரபத்திரனே பாதிதான் நம்பினான். யாராவது கேட்டால், “ஆங், எழுதுது. இன்னாத்தையோ எழுதுது. நம்ம கத அதுல வராத வரைக்கும் நமக்கு இன்னா?” என்பான்.

அம்சாவுக்குச் சொந்த ஊர் மணவூர். பன்னிரண்டாவது முடித்ததும் ரயிலேறி அரக்கோணத்தில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போனாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று வருகிற எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை பார்த்துக் கொடுக்கிற வேலை. அந்தப் பழக்கம் கல்யாணமாகி இருபது வருஷம் கழித்தும் அவளை விடவில்லை. கைபேசியில் தட்டித் தட்டி ஒரு பகுதியை முடிப்பாள். முடித்த கையோடு, திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அபிக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். அடுத்த முறை காய்கறி வாங்க டவுனுக்குப் போகும்போது அதைத் தாளாகக் கையில் வாங்கிக்கொண்டு வருவாள்.

அபிக்கு இது வேடிக்கையாக இருக்கும். “ஃபோன்லயே அடிச்சி ஃபோன்லயே மாத்திக்கலாமேக்கா. இதுக்குப் போயி பிரின்ட் எடுக்கறியே?”

“ஃபோன்ல படிச்சா எல்லாமே நல்லாத்தான் கீது அபி. தாள்ல படிச்சாதான் நம்ம வண்டவாளம் தெரியுது.”

அவள் சொன்னது பொய்யில்லை. கைபேசித் திரையில் அவளுடைய வாக்கியங்கள் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு வந்து நிற்கும். அதே வாக்கியங்கள் தாளில் வந்ததும் ஒரே பக்கத்தில் மூன்று முறை ‘கண் கலங்கினாள்’ என்று எழுதியிருப்பது பல்லை இளிக்கும். மத்தியானம் கரன்ட் போய்த் தறிச்சத்தம் நிற்கிற நேரம்தான் இந்த வேலைக்கு. ஜன்னலோரம் கீழே உட்கார்ந்து, முணுமுணுத்துப் படித்துக்கொண்டே அடிப்பாள், மேலே எழுதுவாள், அம்புக்குறி போட்டு ஓரத்துக்கு இழுப்பாள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. சொந்தமாக ஒரு மணி நேரம் என்று அவள் வாழ்க்கையில் இருந்தது அது ஒன்றுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு, வினையே அதுதான். முதலில் எழுதும்போது அவள் ஆட்களுக்கு நிஜப் பெயரைத்தான் வைப்பாள். மதிவதனி என்று பெயர் போட்டு ஆரம்பித்தால் அந்த மதிவதனி வாயையே திறக்க மாட்டாள். பக்கத்துத் தெரு ஜெமிமா என்று எழுதினால் போதும், ஜெமிமா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு மடமடவென்று பேசுவாள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, தாளில் திருத்தும்போதுதான் நிஜப் பெயரை அடித்துவிட்டுக் கற்பனைப் பெயரை மேலே எழுதுவாள். அதைப் பார்த்துக் கைபேசியில் மாற்றுவாள். தாள் மறுநாள் காலையில் வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு தாள்கூடத் தப்பிப் போனதில்லை என்பதால் இது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள், வீரபத்திரனின் தங்கை மோகனப்ரியா. கல்யாணம் பண்ணிக்கொண்டு அம்பத்தூருக்குப் போய் நாலே மாதத்தில் திரும்பி வந்தவள். ஐந்து வருஷமாக அண்ணனோடு சரிக்குச் சரியாகத் தறி ஓட்டுகிறாள். விவாகரத்தும் முடிந்துவிட்டது. அந்தப் புருஷன் பெருங்குடிகாரன், அடித்துத் துரத்திவிட்டான் என்று வீரபத்திரன் ஊரில் சொல்லி வைத்திருந்தான். ஊரும் பாவம் என்றது. பாவம் என்று சொல்லிவிட்டால் ஊருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை, அந்த வகையில் அது வசதியான சொல். மோகனா அதை ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை.

நடந்தது வேறு. அவள் தானாகவே வந்துவிட்டாள் என்பது மட்டும்தான் அண்ணனுக்குத் தெரியும். முழுசையும் அவள் அம்சாவிடம் மட்டும், ஒரு நாள் புடவை மடித்துக்கொண்டே சொன்னாள். “அவரு கெட்டவரு இல்ல அண்ணி. அதான் கஷ்டமே. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. பேச மாட்டாரு, அவ்ளோதான். சாப்ட்டியான்னு ஒரு வார்த்த? வாயே வராது. நானும் பேசிப் பேசிப் பாத்தேன். ஒரு நாளு பாத்தா நான் ஃபேனப் பாத்துப் பேசிக்கினு கீறேன். பயந்துட்டேன். அவரு டூட்டிக்குப் போனதும் தாலிய கழட்டி சாமி படத்தாண்ட வெச்சேன். வூட்டப் பூட்டி, சாவிய பக்கத்து வூட்ல குடுத்துட்டு ரயிலேறிட்டேன்.”

தாலியைத் தானே கழற்றி வைத்துவிட்டு வந்தவள் என்று தெரிந்தால் அந்த வட்டாரத்தில் மறுபடி யார் பெண் கேட்டு வருவார்கள்? அதனால்தான் குடிகாரன் கதை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்து, ஆவணி பிறந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு நல்ல சேதி வந்தது. வீரபத்திரனுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்குகிற மேஸ்திரி துளசிங்கம் திருத்தணி டவுனில் இருந்தார். அவர் மனைவி ஜெயம்மாள் தன் தம்பி தணிகாசலத்துக்கு மோகனாவைக் கேட்டாள். கனகம்மாசத்திரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறவன்; மனைவி காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. “அடி ஒத வாங்கி வந்த பொண்ணு. நல்ல எடத்துல வெச்சா அரும தெரிஞ்சி வாழும்” என்று ஜெயம்மாள் எல்லாரிடமும் சொன்னாள். பெண் பார்க்க வந்தபோது தணிகாசலம் குனிந்த தலை நிமிராமல் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனான். “வெக்கப்பட்டாரு போல” என்றாள் மோகனா, சிரித்துக்கொண்டே. அதற்குப் பிறகு தறியண்டை நிற்கும்போது அவள் வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது. ஐந்து வருஷமாக அம்சா கேட்காத முணுமுணுப்பு அது. வெள்ளிக்கிழமை வந்து பூ வைப்பதாகப் பேச்சு.

இந்தச் சந்தோஷம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அம்சா அந்தப் பகுதியை எழுதினாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வயிற்றில் ஐந்து வருஷமாகக் கிடந்த விஷயம், இப்போது நல்லபடியாக முடியப்போகிறதே என்ற தைரியத்தில் வெளியே வந்துவிட்டது. மோகனப்ரியா என்றே பெயர் போட்டு, ஃபேன், சாவி, சாமி படம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினாள். அபியிடம் தாளும் வாங்கிவந்தாள்.

கரன்ட் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். திரையில் கண்ணீரை வரவழைத்த கதை தாளில் சப்பென்று இருந்தது. குடிக்காத, அடிக்காத ஒருவனை விட்டுவிட்டு ஒருத்தி வருகிறாள் என்றால் வாசகிகள் விடுவார்களா? போன பகுதிக்கே ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘புருஷன் மேல தப்பில்லன்னா ஹீரோயின் மேலதான் தப்பு சிஸ்.’ அம்சா சிவப்புப் பேனாவை எடுத்தாள். மோகனப்ரியாவை அடித்து மதிவதனி ஆக்கினாள். ‘அவன் ஒரு நாளும் கை நீட்டியதில்லை’ என்பதை அடித்து, ‘தினமும் குடித்துவிட்டு வந்து அடித்தான்’ என்று மேலே எழுதினாள். ‘தாலியைக் கழற்றி வைத்தாள்’ போய், ‘தாலியைப் பறித்துக்கொண்டு துரத்தினான்’ வந்தது. அப்போதும் மனசு நிறையவில்லை. ஓரத்தில் அம்புக்குறி போட்டு, கரண்டியைக் காய்ச்சி அவள் இடது தோளில் சூடு வைத்தான் என்றும் சேர்த்தாள். தோல் பொசுங்கிய வாசனைகூட எழுதினாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

கரன்ட் வந்தது, தறி ஓட ஆரம்பித்தது. கைபேசியில் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தாள்களை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மடிப்பு கலையாமல் இருக்கப் புடவைக்குள் ஒரு தாள் வைத்து மடிப்பது அந்த வீட்டு வழக்கம். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டுகிறது என்று ஜெயம்மாள் சத்தம் போட்டதிலிருந்து, அபி கடையில் வீணாய்ப்போன வெள்ளைத் தாள்களைத்தான் கட்டாக வாங்கி வந்து வைத்தார்கள். மறுநாள் மோகனா ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள். அம்சா கொல்லைப்புறத்தில் துவைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வீட்டுக்குப் புடவை போக வேண்டிய நாள். வீரபத்திரனே மடிக்க உட்கார்ந்தான். கடைசிப் புடவைகளுக்குத் தாள் தீர்ந்துவிட்டது. ஜன்னல் கட்டையில் தாள் இருந்தது, அதில் சிவப்பு மையில் கிறுக்கல் இருந்தது. மேஸ்திரி வீட்டில் பழுதான புடவைக்குச் சிவப்புச் சாக்பீஸால்தான் கோடு போடுவார்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அது தள்ளுபடி என்பது வீரபத்திரனுக்குச் சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பாடம். எடுத்தான், வைத்தான், மடித்தான், கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டான்.

சாயங்காலம் அம்சா ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தாள். “பாவா, இங்க தாளு வெச்சிருந்தேனே?” என்று வீரபத்திரனைக் கேட்டாள்.

“செவப்பு அடிச்சிருந்ததா? புடவையில வெச்சிட்டேன். வேஸ்ட்டுதான அது?”

புடவையோடு தாளும் இந்நேரம் ஜெயம்மாள் கைக்குப் போயிருக்கும். கைபேசியில் மாற்றியிருந்தால் பழைய வரி போன இடம் தெரியாமல் போயிருக்கும். தாளில் போகாது. அடித்த வரி கோட்டுக்கு அடியில் முழுசாகக் கிடக்கிறது, மேலே எழுதின வரியும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவளுக்கு, குடிகாரன் என்பது பின்னால் ஒட்டவைத்தது என்று சின்னப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி புரியும். அதுவும் மோகனப்ரியா என்ற பெயரோடு. புருஷனிடம் விஷயத்தைச் சொன்னால் குதிப்பான். மோகனாவிடம் சொல்ல முகமில்லை. பொழுது விடிந்ததும், ஒரு புடவையில் இழை அறுந்த மாதிரி சந்தேகம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினாள்.

ஜெயம்மாள் வீடு மலையடிவாரத் தெருவில். கூடத்தில் புடவைகளைப் பிரித்துப் போட்டிருந்தாள். நாலு தாளும் அவள் மடியில் இருந்தன. அம்சாவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

“வா அம்சா. நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். இது நீ எழுதனதா?”

“ஆமாங்க்கா.”

“அடிச்சது ஒண்ணு கீது, மேல எழுதனது ஒண்ணு கீது. பேரு நம்ம பொண்ணு பேரு. நேத்து படிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. நான் வேற ஒண்ணும் கேக்கல. இதுல எது நெசம்?”

வெறும் கதை என்று சொல்லிவிடலாம் என்றுதான் அம்சா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெயரை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. வாய் தானாக வேறு வழி பிடித்தது. “செவப்புல கீதே, அதாங்க்கா நெசம். எங்களுக்கு வெளிய சொல்ல வெக்கம். அதனால மொதல்ல அவன நல்லவனா மாத்தி எழுதிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அடிச்சிட்டு, உள்ளத எழுதிட்டேன்.”

சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு நன்றாகப் பொருந்திவிட்டது! ஜெயம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

“சூடு வெச்சானா, பாவி! அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்லலியே. நான் இன்னா நெனச்சிட்டேன் தெரியுமா? தாலிய தானே கழட்டிட்டு வந்தவளா இருந்தா வேணாம்னு சொல்லிடலாம்னு நெனச்சிட்டேன். என் வாயில மண்ணு.” தாள்களை மடித்து அம்சா கையில் கொடுத்தாள். “வெள்ளிக்கெழம வரோம்.”

அம்சா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டாள். எரிந்து சாம்பலாகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். தப்பித்தோம் என்று இருந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. இரண்டு நாளும் மோகனா எதிரில் வரும்போதெல்லாம் அம்சாவின் கண் அவள் இடது தோளுக்குப் போய்ப் போய் வந்தது. நல்லதுக்குத்தானே சொன்னோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெயம்மாள் சொந்தக்காரப் பெண்கள் இருவரோடு வந்தாள். தட்டில் பூ, வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புடவை. மோகனா பச்சைக் கலரில் புது ரவிக்கை போட்டு, வாசலுக்கு வந்து சிரித்த முகமாகக் கும்பிட்டாள். வீரபத்திரன் தறிகளை நிறுத்திவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு ஓடியாடினான். எல்லாரும் பாயில் உட்கார்ந்ததும் ஜெயம்மாள் மோகனாவின் கையைப் பிடித்தாள். “பூ வெக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேல. உள்ள வாம்மா. அம்சா, நீயும் வா.”

உள் அறையில் கதவைச் சாத்திவிட்டு இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். காலையில் மலையேறி வாங்கிவந்த கோயில் சந்தனம். தண்ணீரில் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்று ஊரில் சொல்வார்கள். தழும்புக்கும் கேட்கும் என்று ஜெயம்மாள் தானாகவே முடிவு செய்திருந்தாள். அதை விரலில் குழைத்துக்கொண்டு, “தோளக் காட்டும்மா. வெக்கப்படாத. எனக்கு எல்லாம் தெரியும்” என்றாள்.

“இன்னா தெரியும் அக்கா?”

“அவன் சூடு வெச்சது.” சொல்லிக்கொண்டே, பெற்ற தாயைப் போல, ரவிக்கையை இடது தோளிலிருந்து மெல்ல இறக்கினாள். பார்த்தாள். வலது தோளைப் பார்த்தாள். மறுபடி இடது பக்கம் வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தழும்பு ஒன்றுமில்லை. அம்சாவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மோகனா அண்ணியைப் பார்த்தாள். யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று விளங்கிக்கொள்ள அவளுக்கு நேரமாகவில்லை.

“அக்கா, அவரு என்ன அடிச்சதே இல்ல. சூடும் வெக்கல, ஒண்ணும் வெக்கல. குடிக்கறவரும் இல்ல. நானாத்தான் தாலிய கழட்டி வெச்சிட்டு வந்தேன்.”

“எதுக்கு?” என்றாள் ஜெயம்மாள். சந்தனம் விரலில் அப்படியே இருந்தது.

“பேசவே மாட்டாருக்கா.”

அம்சா கூச்சலை எதிர்பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஜெயம்மாள் கூச்சல் போடவில்லை. அங்கிருந்த நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“என் தம்பியும் பேசறவன் இல்லம்மா. செத்துப்போனவ அதச் சொல்லிச் சொல்லித்தான் என்னாண்ட அழுவா. அடி வாங்கி வந்த பொண்ணாச்சே, பேசாட்டி போறான், அடிக்காம வெச்சிக்கினா போதும்னு இருக்கும்னு நெனச்சித்தான் உன்னக் கேட்டேன்.” விரலில் இருந்த சந்தனத்தைத் தன் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள். “நீ அவனாண்டருந்தும் ஒரு நாளு எழுந்து வந்துடுவ. வந்தா தப்புன்னு சொல்லவும் எனக்கு வாய் வராது. வேணாம்மா.”

கூடத்துக்கு வந்து தட்டை எடுத்துக்கொண்டாள். பூவை மட்டும் எடுத்துப் பாயில் வைத்துவிட்டுப் போனாள். “இன்னாக்கா, காபி ரெடியாய்கினு கீது, இன்னா ஆச்சி?” என்று வீரபத்திரன் வாசல்வரை பின்னாலேயே போய்க் கேட்பது உள்ளே கேட்டது. ஆட்டோ கிளம்பிப் போயிற்று.

மோகனா ரவிக்கையைத் தோளுக்கு ஏற்றி ஊக்கை மாட்டிக்கொண்டிருந்தாள். ஊக்கு சரியாக மாட்டவில்லை. உதவி செய்யக் கிட்டே போன அம்சா பாதியில் நின்றுவிட்டாள்.

“மோகனா, கதைக்குத்தான் அப்பிடி எழுதனேன். அப்புறம் அந்தத் தாளு அவங்க கையில மாட்டிக்கிச்சி. உன் நல்லதுக்குத்தான் அதையே சொன்னேன். இந்த எடம் தவறிடக் கூடாதேன்னு...”

மோகனா அழவில்லை. அதைப் பார்க்கத்தான் அம்சாவால் முடியவில்லை.

“அவரு கூட நாலு மாசம் இருந்தேன். ஒடம்புல ஒரு கீறல் இல்லாமத்தான் திரும்பி வந்தேன்” என்றாள் மோகனா. “நீங்க எதுக்கு அண்ணி எனக்குச் சூடு வெச்சீங்க?”